சரோஜா அக்காவுக்கு ஒரு நாற்காலி

காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக் கடையில் புடவை எடுத்துக் காட்டுவது என் வேலை. காலையில் நின்றால் கடை மூடும்வரை நிற்க வேண்டும். நாற்காலியெல்லாம் வாடிக்கையாளருக்குத்தான். பதினொரு வருஷம் என் பக்கத்தில் நின்றவர் சரோஜா அக்கா. என்னைவிட இருபது வயது மூத்தவர். ஆனாலும் வாலாஜாபாத் பஸ்ஸில் நாங்கள் பேசாத பேச்சில்லை.

போன மாதம் அவர் வேலையை விட்டார். கடைசி நாளில் என்ன கொடுப்பது என்று மண்டையை உடைத்துக்கொண்டு, மாம்பழக் கலர் பட்டு ஒன்றை எடுத்தேன். ஊருக்கே பட்டு காட்டியவர், தானும் ஒன்று கட்டட்டுமே என்று நினைத்தேன்.

மத்தியானம் கடையில் ஆளில்லை. பெட்டியைக் கொடுத்தேன். திறந்தவர் ஒரே உதறலில் புடவையைப் பிரித்து, முந்தானையைத் தோளில் போட்டு, பார்டரை என் பக்கம் திருப்பிப் பிடித்தார்.

"பாரும்மா, எவ்ளோ எடுப்பா இருக்குது!"

பிறகுதான் தன் கையையே பார்த்துச் சிரித்தார். "பழக்கதோஷம்மா."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கடைசி நாளும் அவருக்கு வேலைதான் கொடுத்திருக்கிறேன்.

வாடிக்கையாளர் நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டேன். "உக்காருக்கா. இன்னிக்கு நான் உனக்குக் காட்றேன்."

"மொதலாளி வந்தா திட்டுவாரும்மா."

"திட்டட்டும்."

உட்கார்ந்து காலை நீட்டினார். நான் மூன்றாவது புடவையைப் பிரிக்கும்போது அவர் தலை சாய்ந்து தூங்கிப்போனார். மாம்பழப் பட்டை, நின்று நின்றே வீங்கிப்போன அவர் கால்கள்மேல் போர்த்திவிட்டுப் பக்கத்தில் நின்றேன். கடைக்குள் அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

முதலாளி வரும்வரை எழுப்பவில்லை. வந்த பிறகும் எழுப்பவில்லை.