கீர்த்தனாவின் இடது கண்

நம்பினால் நம்புங்கள். நான் மேக்கப் போடுகிறவள். முகத்துக்குத்தான் பூச்சு பூசுவேன், பேச்சுக்கு அல்ல. போன ஆவணியில் வேங்கிக்கால் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில் நிஜமாக நடந்தது இது.

மணப்பெண் கீர்த்தனாவுக்குப் பழைய சினிமா கதாநாயகி மாதிரி அலங்காரம் வேண்டுமாம். உயரக் கொண்டை, மெல்லிய வில் புருவம், காதுப் பக்கம் வால் நீட்டிய கண் மை. அவளை வளர்த்த உண்ணாமலை அத்தை இளவயசில் அப்படித்தான் போட்டுக்கொள்வாராம். அத்தை கையால் மை வைத்துக்கொள்ள இவளுக்கு ஆசை. அத்தையோ கீழ்பென்னாத்தூர் வீட்டில் படுத்த படுக்கை. சரி, நீயே போடு என்று வீட்டார் என்னிடம் சொன்னார்கள். எனக்குக் கொஞ்சம் ரோஷம்தான்.

முகூர்த்தம் காலை ஆறு மணிக்கு. 4.10க்கு வலது கண்ணில் லைனர் வரைந்து முடித்தேன். காயும்வரை கண்ணைத் திறக்காதே என்று சொல்லிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு காபிக்குப் போனேன். அறையில் வேறு யாரும் இல்லை.

படிக்கட்டில் அவள் அப்பா கோதண்டராமன் தனியாக நின்றிருந்தார். கண்ணெல்லாம் சிவப்பு. பெண்ணைப் பெற்றவர், இருக்காதா என்று நினைத்துக்கொண்டேன்.

4.18. கதவைத் திறந்தேன்.

கீர்த்தனா கண்ணை மூடி, முகத்தை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தாள்.

“கை ஏன்க்கா இவ்ளோ ஜில்லுனு இருக்கு?”

நான் வாசலில் நிற்கிறேன். இரண்டு கையிலும் சூடான டம்ளர்.

க்ளிங்... வளையல் சத்தம். அவளுக்கு இன்னும் வளையலே போடவில்லை.

விளக்கெண்ணெய் வாடை...

இடது கண்ணில் மை.

என் லைனர் இல்லை. வீட்டு மை. வால் நுனியில் சின்னதாக ஒரு சுழி. ஐயோ, என் கையைவிட அழகு.

கத்தினால் கல்யாணம் நின்றுவிடும். அந்தப் பெண்ணின் வாழ்க்கை. பயத்தை விழுங்கிக்கொண்டு, வலது கண்ணிலும் ஒரு சுழி போட்டு அனுப்பினேன்.

6.20க்குத் தாலி ஏறியது. கோதண்டராமன் என்னைத் தனியே கூப்பிட்டு, அந்தச் சுழியை யார் போட்டது என்று கேட்டார். நடந்ததைச் சொன்னேன். அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

“அது எங்க அக்கா கைம்மா. நேத்து நைட்டு பதினோரு மணிக்குக் கஞ்சி எடுத்துனு போனேன். போய்ச் சேர்ந்துட்டிருந்தாங்க. வெளிய தெரிஞ்சா தீட்டு, கல்யாணம் நின்னுடும்னு... உள்ளயே வெச்சுப் பூட்டிக்கினு வந்துட்டேன். யாருக்கும் தெரியாது.”

சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்தார்.

“இப்ப நான்தான் போய்த் தொறக்கணும்.”

சொல்லிவிட்டு, சாவியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்; எழுந்திருக்கவே இல்லை.