இடது காதைத் தொட்ட வலது கை

சென்ற திங்கட்கிழமை கோர்ட்டில் என் கையெழுத்தைப் பார்த்தேன்.

ராயபுரத்தில் எங்கள் தெருவுக்கு மீன் கொண்டு வருகிறவள் கன்னியம்மா. புருஷன் தேசப்பன், கட்டுமரக்காரன். இரண்டு பேருக்கும் ஒத்துவரவில்லை. குப்பத்துப் பஞ்சாயத்தில் துரும்பைக் கிள்ளிப் போட்டார்கள், கல்யாணம் முறிந்தது. ஒரே பெண் செல்வி அம்மாவோடு போனாள்.

போன ஜூனில் பள்ளிக்கூட விண்ணப்பத்தோடு கன்னியம்மா என்னிடம் வந்தாள்.

“அஞ்சு முடிஞ்சிட்ச்சின்னு எய்து சார்.”

“நாலுதானே ஆகிறது?”

“அதுக்கு இன்னா இப்போ? நான் கூடைய தூக்கிகினு பூட்டா இத யாரு பாத்துக்குவாங்கோ? இஸ்கூல்ல மத்தியானம் சோறு போட்றாங்கோ சார்...”

எழுதிக் கொடுத்தேன். ஒரு வயது கூடினால் யார் குடி முழுகிவிடப் போகிறது?

ஆனால் வாத்தியார் சும்மா விடுவாரா? வயதைப் பார்க்க வலது கையைத் தலைக்கு மேலே போட்டு இடது காதைத் தொடச் சொல்வாரே, எட்டினால்தான் ஐந்து! கன்னியம்மா அதற்கும் வழி வைத்திருந்தாள். தலையை லேசாகச் சாய்த்துக்கொண்டால் காது எட்டும். என் வீட்டு வாசலிலேயே ஒத்திகை நடந்தது. செல்வி தொட்டதும் நான் கைதட்டினேன். மறுநாள் பள்ளிக்கூடத்திலும் பாஸ்!

இப்போது தேசப்பன், குழந்தை தனக்கு வேண்டும் என்று கேஸ் போட்டுவிட்டான். புதுச் சட்டப்படி அப்பாதான் கார்டியன். ஐந்து வயது முடியாத குழந்தை மட்டும் பொதுவாக அம்மாவிடம் இருக்கலாமாம். ஆக, முழு வழக்கும் அந்த ஒரு வயதில் வந்து நின்றது. பிறப்புப் பதிவு கிடையாது. அவன் வக்கீல் நீட்டிய காகிதம் — நான் எழுதிய அதே விண்ணப்பம்!

“சாமி, அது சோத்துக்கோசரம் சொன்ன பொய்யி. கொயந்திக்கு இன்னும் அஞ்சு ஆவல” என்று கூண்டில் நின்று அழுதாள் கன்னியம்மா.

தேசப்பனைக் கேட்டார்கள். பெற்றவனுக்குத் தெரியாதா?

“பேப்பர்ல இன்னா கீதோ அதாங்க” என்றான், அவள் பக்கம் திரும்பாமல்.

நானும் கூண்டில் ஏறினேன். பொய் எழுதியது நான்தான் என்றேன்.

“அன்றைக்குச் சொன்னது பொய்யா, இன்றைக்குச் சொல்வது பொய்யா?” என்றார் அவன் வக்கீல். தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு இறங்கினேன்.

நீதிபதி கடுமையான மனிதர் அல்ல. குழந்தையை அருகில் கூப்பிட்டு அன்பாகத்தான் கேட்டார். “பாப்பா, கையைத் தலைக்கு மேலே போட்டுக் காதைத் தொடு, பார்க்கலாம்?”

“வோணாம் கண்ணு!” — கன்னியம்மா அலறினாள். சேவகர் அதட்டினார்.

செல்வி அம்மாவைப் பார்த்தாள். பிறகு, சொல்லிக் கொடுத்தபடியே தலையைச் சாய்த்துத் தொட்டுவிட்டாள்!

“ஐயோ, தல சாஞ்சிருக்குது சாமி!” என்று கன்னியம்மா கதறியது யார் காதிலும் ஏறவில்லை. விண்ணப்பமும் காதும் ஒத்துப்போகின்றன என்றார் நீதிபதி. குழந்தை தேசப்பனுக்கு. ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மா வந்து பார்த்துக்கொள்ளலாம்.

ஒரு பிள்ளை யாரிடம் வளர வேண்டும் என்பதை இப்படியா முடிவு செய்வார்கள்? சரி, கோர்ட்டைத் திட்டலாம் என்றால்... அந்தக் காகிதத்தில் இருப்பது என் கையெழுத்தாயிற்றே!

தீர்ப்புச் சொல்லி முடிக்கிற வரையில் செல்வி காதிலிருந்து கையை எடுக்கவில்லை. பிறகு மெல்ல என் பக்கம் திரும்பிச் சிரித்தாள்.

நான் கைதட்டுவேன் என்று காத்திருந்தாள்.