மூச்சு விட்ட உளுந்துச் செடி

போன வருஷம் பங்குனி மாதம், ஏம்பலம் தாண்டி பாகூர் பக்கம் போகிற ஒரு கிராமச் சாலையில், உச்சி வெயிலில் நடந்தது இது.

நான் லோடு வண்டி டிரைவர். வில்லியனூரில் ஒரு மொத்த மளிகைக் கடையில் சரக்கு ஏற்றி, பாகூர் சுற்றுவட்டாரத்துச் சின்னக் கடைகளுக்கு இறக்கிவிட்டு வருவது என் வேலை. பன்னிரண்டு வருஷம் டீசல் வண்டி ஓட்டினேன். என் வண்டி ஒரு ஊரில் கிளம்பினால் அடுத்த ஊர்க் கடைக்காரர் ஷட்டரைத் தூக்கிவிடுவார் என்று கேலி பேசுவார்கள். அப்படி ஒரு சத்தம். போன வருஷம் பொங்கல் முடிந்ததும் முதலாளி அதைத் தள்ளிவிட்டு எலக்ட்ரிக் வண்டி வாங்கினார்.

பார்த்ததுமே எனக்குப் பிடிக்கவில்லை. இப்போது வருகிற கார்களெல்லாம் யாரையோ அடிக்கப் போகிற மாதிரி முறைத்துக்கொண்டு வருகின்றன. அதுகூடப் பரவாயில்லை, முறைக்கவாவது ஒரு முகம் இருக்கிறது. இதற்கு முன்பக்கத்தில் காற்று போகிற கம்பி வலையே இல்லை. வாயைத் தைத்துவிட்ட மாதிரி சப்பையாக இருந்தது. ஆனால் ஓட்டிப் பார்த்ததும் கட்சி மாறிவிட்டேன். உதறல் இல்லை, புகை இல்லை, சாயந்திரம் இடுப்பு வலி இல்லை. ஒரே வாரத்தில் டீக்கடையில் அதன் பெருமையை நானே அளக்க ஆரம்பித்தேன்.

ஒன்றுதான் உறுத்தியது. நான் வருவது யாருக்கும் தெரியவில்லை. ரோட்டில் படுத்திருக்கும் நாய் தலையைக்கூடத் தூக்காது. முன்னால் நடந்து போகிறவர்கள் தங்கள் வீட்டுச் சண்டையை விலாவாரியாகப் பேசிக்கொண்டே போவார்கள். நான் பின்னால் ஊர்ந்துகொண்டே கேட்பேன். ஒருநாள் வாசலில் போய் நிறுத்தியபோது என் மனைவி திடுக்கிட்டுப் போய், "இன்னா இது, பேய் மாரி வந்து நிக்கிற!" என்றாள். சிரித்தேன்.

எங்கள் பக்கம் பங்குனியில் உளுந்து அறுவடை. செடியோடு பிடுங்கிவந்து தார் ரோட்டில் பரப்பிவிடுவார்கள். வண்டிகள் ஏறி மிதித்தால் நெற்று உடைந்து உளுந்து உதிரும். வெளியூர்க் கார்க்காரர்கள் முகம் சுளித்துக்கொண்டு விலகிப் போவார்கள். லோடு வண்டிக்காரர்கள் நாங்கள் வேண்டுமென்றே ஏற்றிப் போவோம். ஓரத்தில்தான் செடி மிதிபடாமல் மொத்தையாகக் கிடக்கும் என்பதால் நான் இடது சக்கரத்தை ஓரமாக விடுவேன். ஏதோ நம்மால் ஆன உதவி என்று அதில் எனக்கு ஒரு திருப்தி.

அன்றைக்கும் அப்படித்தான். ரோட்டில் நெடுந்தூரத்துக்கு உளுந்துச் செடி. ஒரு ஆள் இல்லை. இரண்டு பக்கமும் அறுத்த வயல். புளியமரத்தடியில் ஒரு தண்ணீர்க் குடம், பக்கத்தில் ஒரு ஜோடிச் செருப்பு, வீட்டு வாசலில் கழற்றி வைத்த மாதிரி ஒழுங்காக. பட்டப்பகலில் எனக்கு ஏனோ முதுகு சில்லிட்டது. அதை உதறிவிட்டு இடது சக்கரத்தை ஓரத்தில் ஏற்றினேன். டயருக்கு அடியில் நெற்று படபடவென்று வெடிக்கிற சத்தம் மட்டும்தான்.

மரத்து நிழல் விழுந்த இடத்தில் செடி கொஞ்சம் மேடாகக் கிடந்தது. அது மெல்ல எழும்பி, மெல்லத் தணிந்தது.

காற்று என்றுதான் முதலில் நினைத்தேன். அண்ணாந்து பார்த்தால் புளியமரத்தில் ஒரு இலை ஆடவில்லை. செடி மறுபடி எழும்பியது, தணிந்தது. தூங்குகிறவர்களின் மார்பு அப்படித்தான் ஏறி இறங்கும் என்று மனசுக்குப் பட்டதும், பிரேக்கை எப்படி மிதித்தேன் என்றே தெரியாது. "மாதாவே" என்று வாய் மட்டும் சொன்னது.

வண்டி நின்றது. செடி பிளந்து ஒரு உருவம் எழுந்து உட்கார்ந்தது. தலையிலும் முகத்திலும் புழுதி அப்பி, கண் மட்டும் தெரிந்த ஒரு பெண். என் முன்சக்கரத்துக்கும் அவர் தலை கிடந்த இடத்துக்கும் ஒரு முழம் இருக்காது. அவர் நிதானமாக என்னைப் பார்த்துக் கேட்டார்: "இன்னாபா, எப்ப வந்த?"

கதவைப் பிடித்துக்கொண்டே இறங்கினேன். "அக்கா, ரோட்டுல போயி படுத்திருக்கீங்களே…" என்று இழுத்தேன்.

"காலையிலேர்ந்து செடி பொரட்டிக்கினு கெடந்தேன்பா. அவரு சோறு எடுத்தாரப் போனாரு. சித்த சாஞ்சேன், வெயிலுக்குச் செடிய மேல இழுத்துப் போட்டுக்கினேன். லோடு வண்டி வந்தா ரோடே அதிருமே, எழுந்துக்க மாட்டனா?" என்றார். "நெத்து வெடிக்கிற சத்தம் கேட்டுச்சு. வெயிலுக்கு வெடிக்குதுன்னு இருந்துட்டேன்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் ஹாரனே அடிக்கவில்லை. பன்னிரண்டு வருஷமாக அந்த ரோட்டில் நான் ஹாரன் அடித்ததே இல்லை. என்ஜின் சத்தமே போதுமானதாக இருந்தது. வண்டி மாறியும் என் பழக்கம் மாறவில்லை.

அவர் புழுதியைத் தட்டிக்கொண்டு எழுந்து, "ஏம்பா நின்னுட்ட? மிச்சத்தையும் ஏத்தி மிதிச்சுட்டுப் போ" என்றார்.

என்னால் முடியவில்லை. "நீங்க முன்னாடி நடங்கக்கா, நான் பின்னால வர்றேன்" என்றேன். "இன்னா இது, பொண்ணு அழைப்பா?" என்று சிரித்துவிட்டு, செடியைக் கோலால் கிளறியபடி நடந்தார். நான் ஹாரனை அழுத்திக்கொண்டே ஊர்ந்தேன். சக்கரம் எவ்வளவு பக்கத்தில் வந்தது என்பதை நான் சொல்லவில்லை. சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

அடுத்த வாரம் அதே இடத்தில் அவர் கணவர் கைகாட்டி வண்டியை நிறுத்தினார். ஒரு பையில் புது உளுந்து. "உன் வண்டி மிதிச்சதுபா. அவ்வளவு பொறுமையா மிதிச்சியாமே, குடுத்துட்டு வான்னு சொன்னா" என்றார். மறுக்கத் தெரியாமல் வாங்கிக்கொண்டேன். வீட்டில் வடை சுட்டார்கள். பிள்ளைகள் ஆசையாகச் சாப்பிட்டார்கள். நான் ஒன்றைக்கூடத் தொடவில்லை.

இப்போது ரோட்டில் எதைப் பரப்பியிருந்தாலும் வண்டியை நிறுத்திவிட்டு, நான் ஒருமுறை அதன்மேல் நடந்து பார்த்துவிட்டுத்தான் ஏற்றுகிறேன். நான் வந்தால் தனக்குத் தெரிந்துவிடும் என்று நம்பி இன்னொருத்தர் அடியில் தூங்கிக்கொண்டிருக்கலாம் என்ற பயம் இன்றுவரை என்னை விட்டுப் போகவில்லை.