சேலை அறுத்தவள்

தனபாக்கியத்தின் மகன் செல்வமணிக்கு இரண்டு வயதாகியும் கழுத்து நிற்கவில்லை. கிரகணத்தன்று வயிற்றுப்பிள்ளையோடு தறியிலிருந்து சேலையை அறுத்தாளே, அதனால்தான் என்றது தெரு. அவளும் நம்பினாள். பிறகு கத்தியையே தொடவில்லை. கீரைகூடப் புருஷன்தான் நறுக்கினான்.

1969இல் சென்னை ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா எல்லாம் விசாரித்துவிட்டுச் சொன்னார்: "பிறந்ததும் பிள்ளை அழலை. மூச்சுத் திணறி மூளை பாதிச்சிருக்கு. உன் தப்பு ஒண்ணுமில்லைம்மா."

காஞ்சிபுரம் வந்து சேரும்வரை பஸ்ஸில் அழுதாள். வீட்டுத் தறியில் சேலை முடிந்திருந்தது. பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, வாசற்கதவை அகலத் திறந்துவிட்டு, அவளே அறுத்தாள். தெரு பார்க்கட்டுமே!

அடுத்த சேலை முடியும் சமயம், பின்தெருக் குப்பம்மாளைத் தேடிப் போனாள். அவளும் அப்படியொரு குழந்தையை உள்ளறையில் ஒளித்து வளர்த்தாள்.

"உன்னை இன்னா சொன்னாங்க?"

"கிரகணத்துல பாக்கு வெட்டிட்டேனாம்க்கா."

"எனக்கு சேலை, உனக்கு பாக்கா?" தனபாக்கியம் சிரித்தேவிட்டாள். டாக்டரம்மா சொன்னதை விளக்கினாள். "நாளைக்கு எங்க வூட்டுல நீதான் சேலை அறுக்கணும். கொயந்தைய தூக்கிக்கினு வா."

குப்பம்மாள் குழந்தையோடு வந்தாள், அறுத்தாள். ஆறு வருஷத்தில் அப்படி ஏழு தாய்மார் சேர்ந்தார்கள். அவர்கள் அறுத்த பட்டைக் கட்டிக்கொண்டுதான் ஊர்ப் பெண்கள் மணையில் உட்கார்ந்தார்கள்.