காலையில் ஏழடிப்பட்டம், மாலையில் முத்துக்குடா

காலை எட்டு மணிக்குப் புதுக்கோட்டைப் பேருந்து நிலையத்திலிருந்து சித்தன்னவாசல் போகும் நகரப் பேருந்தில் ஏறினேன். பெண்களுக்குக் கட்டணமில்லாப் பேருந்து. பக்கத்து இருக்கையை நிறைத்து உட்கார்ந்திருந்த என் முதுகுப் பையைப் பார்த்த நடத்துநர், "இதுவும் லேடீஸ்தானுங்களா?" என்று கேட்டுவிட்டுச் சிரிக்காமல் நகர்ந்தார். பையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டேன். கோயம்புத்தூரில் ஏற்றுமதி அலுவலகம் ஒன்றில் நாள் முழுக்கத் திரையைப் பார்த்து வேலை செய்கிறவள் நான். ஒரு வார விடுப்பில் தனியாகக் கிளம்பி வந்திருந்தேன். காலையில் மலை, பிற்பகலில் கடல் என்பது அன்றைய திட்டம்.

புதுக்கோட்டையிலிருந்து சித்தன்னவாசல் பதினாறு கிலோமீட்டர். பெரும்பாலானோர் குகைக்கோயிலின் ஓவியங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். நான் முதலில் மலைமேல் இருக்கும் சமணக் குகையான ஏழடிப்பட்டத்துக்குப் போனேன். வெட்டிய படிகளில் ஏறி, உச்சியைக் கடந்து, கிழக்குப் பக்கம் இறங்க வேண்டும். அங்கே பாறை ஒரு சுவர்போல நிற்கிறது. அதன் இடுப்பில் குறுகலான ஒரு வழி. கால் வைக்கக் குழிகள், பிடித்துக்கொள்ள இரும்புக் கம்பி. கம்பிக்கு அந்தப் பக்கம் ஒன்றுமில்லை. வெகு கீழே பனைமரங்கள் குச்சிகளாகத் தெரிந்தன.

உயரம் எனக்கு ஆகாது. அடுக்குமாடி வீட்டு மொட்டை மாடியில் துணி காயப்போடுவதற்கே சுவரோரம் போகமாட்டேன். கீழே காவலாளி சொல்லி அனுப்பியிருந்ததை நினைத்துக்கொண்டேன். பையை வைத்துவிட்டுப் போகச் சொன்னவர், அங்கிட்டுப் போனதும் பள்ளத்தைப் பார்க்காமல் பாறையையே பார்த்து நடக்கச் சொல்லியிருந்தார். அப்படியே நடந்தேன். மூக்குக்கு நேரே கருஞ்சிவப்புப் பாறை, அதில் ஒரு வரி எறும்பு. எறும்புகள் என்னைவிட வேகமாகப் போயின.

வழி முடிந்த இடத்தில் குகை. சமண முனிவர்கள் படுத்த கற்படுக்கைகள், தலைமாட்டில் கல்லிலேயே செதுக்கிய தலையணைகள். வழவழவென்று, தொட்டால் சில்லென்றிருந்தன. குகை வாயிலில் உட்கார்ந்து, இப்போது தைரியமாகவே கீழே பார்த்தேன். ஒரு மயில் எனக்குக் கீழே பறந்துபோனது. மயிலின் முதுகை அதுவரை நான் மேலிருந்து பார்த்ததில்லை. திரும்பும்போது கம்பியை ஒரு கையால் மட்டும் பிடித்து வந்தேன். பிறகு குகைக்கோயிலின் கூரை ஓவியத்தில், மங்கிய தாமரைக் குளத்தில் மீன்களைத் தேடிக் கழுத்து வலிக்க நின்றேன்.

புதுக்கோட்டை திரும்பி, சாப்பிட்டு, அறந்தாங்கி வழியாக மீமிசல் போய், அங்கிருந்து ஆட்டோவில் முத்துக்குடா சேர்ந்தபோது மூன்று மணி தாண்டிவிட்டது. கரையோரம் அலையாத்திக் காடு, நடுவே ஓடை, ஓடை போய்ச் சேருகிற கடல். நாமே துடுப்புப் போட்டுப் போகும் சிறிய படகுகளைக் கரையில் கவிழ்த்து வைத்திருந்தார்கள். அவற்றைப் பார்த்துக்கொள்ளும் முருகேசன் ஒரு சிக்கலைச் சொன்னார். எல்லாமே இரண்டு பேர் படகு. புதிதாக வருகிறவர்களைத் தனியே அனுப்பமாட்டார். தன் படகில் அவர் வழிகாட்டிக்கொண்டு முன்னால் போவார், என்னோடு உட்கார ஓர் ஆள் வேண்டும்.

அப்போது பக்கத்தில் நின்றிருந்த பெண், "நான் வரவாக்கா?" என்றாள்.

பெயர் ஜமீலா. கோட்டைப்பட்டினத்துக்காரி, அத்தா என்று அவள் சொல்லும் அப்பா விசைப்படகு வைத்திருக்கிறார். துபாயிலிருந்து விடுமுறையில் வந்த கணவர் சாதிக்கோடு ஊர் சுற்ற வந்திருந்தாள். சாதிக் தயங்கினார். கடலில் இறங்க அவருக்குப் பயம். அவளுக்கும் பழக்கமில்லையே என்றார்.

"பழக்கமில்லதான் மச்சான். கடல்ல பொழைக்கிற வீட்டுல பொறந்தேன், பொம்பளைய யாரு போட்டுல ஏத்துறா? இன்னைக்கு வரைக்கும் காலு நனைச்சதோட சரி."

சாதிக் அவளுடைய லைஃப் ஜாக்கெட்டின் வாரை இழுத்து மாட்டினார். சரியாக இருக்கிறதா என்று முருகேசனிடம் இரண்டு முறை கேட்டார்.

முன்னால் நான், பின்னால் ஜமீலா. அவள் வலது பக்கம் போட்டால் நானும் வலது பக்கமே போட்டேன், படகு வட்டமடித்தது. ஒருவர் துடுப்பு மற்றவர் துடுப்பில் இடித்தது. இருவரும் நனைந்து சிரித்து ஓய்ந்த பிறகுதான் கை ஒத்துப்போனது. காட்டுக்குள் ஓடை குறுகியது. தலைக்கு மேல் கிளைகள், சேற்றிலிருந்து ஆணிகளாக நீட்டிக்கொண்டிருந்த வேர்கள், வெள்ளைக் கொக்குகள். ஒரு திருப்பத்தில் முருகேசன் மறைந்தார். நாங்கள் தவறான கிளைக்குள் புகுந்து சேற்றில் தட்டி நின்றோம். ஓடையில் தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது.

இறங்கித் தள்ளலாம் என்று ஒரு காலைத் தூக்கினேன்.

"எறங்காதீங்கக்கா, சேறு இழுத்துக்கிரும்." ஜமீலாவின் குரலில் சிரிப்பு போயிருந்தது. "நீங்க என் பக்கமா சாஞ்சுக்கங்க. முன்பக்கம் தூக்குனா நான் தள்ளிருவேன்."

சாய்ந்தேன். அவள் துடுப்பைச் சேற்றில் ஊன்றி மூச்சுப்பிடித்துத் தள்ளினாள். மூன்றாம் தடவை படகு வழுக்கிப் பின்னால் வந்தது. இதெல்லாம் எப்படித் தெரியும் என்று கேட்டேன். ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால் அத்தாவும் அண்ணன்மாரும் இதைத்தானே பேசுவார்கள், மீன் குழம்பு ஊற்றிக்கொண்டே கேட்டதுதான் என்றாள். எங்களைத் தேடி வந்த முருகேசன் பின்னாலேயே போய் ஓடையின் வாயைத் தாண்டினோம். சட்டென்று இரு பக்கமும் காடு இல்லை. வெயிலில் மின்னும் கடல்தான். பின்னால் ஜமீலாவின் துடுப்பு நின்றுவிட்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. கொஞ்ச நேரம் அலை எங்களைத் தூக்கித் தூக்கி இறக்கியது.

கரையில் சாதிக் முழங்கால் தண்ணீரில் பேண்ட் நனைய நின்றிருந்தார். அடுத்த சுற்றுக்கு அவரையே ஏற்றினாள். துடுப்பைத் தொடாமல் படகின் இரு ஓரத்தையும் பிடித்தபடி அவர் உட்கார்ந்திருக்க, அவள் ஒருத்தியே போட்டுக் கொண்டுபோய்த் திருப்பிக் கொண்டுவந்தாள்.

டீ குடிக்கும்போது அத்தாவுக்குப் போன் போட்டு, நான் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தாள். "அத்தா, நான் கடலுக்குப் போயிட்டு வந்தேன்."

திட்டப்போகிறார் என்று நினைத்தேன்.

"காத்து எந்தப் பக்கமிருந்து அடிச்சுச்சு?"

ஜமீலா கடலைத் திரும்பிப் பார்த்தாள். "கொண்டலு அத்தா" என்று சொல்லி, காற்று வரும் கிழக்குக் கடல் பக்கம் எனக்குக் கை காட்டினாள்.

"அப்ப கரைக்கு வாரது லேசாத்தான் இருந்திருக்கும்" என்றார் அவர். அதற்குப் பிறகு எவ்வளவு தூரம், ஆழம் எப்படி என்று அவர் கேட்டுக்கொண்டே போக, அவள் சொல்லிக்கொண்டே போனாள். சாதிக்கின் டீ ஆறிப்போனது.

இருட்டுமுன் மீமிசலில் அறந்தாங்கிப் பேருந்தைப் பிடித்தேன். உள்ளங்கை இரண்டும் எரிந்தன. எங்கள் கோயம்புத்தூரிலும் பாலக்காட்டுக் கணவாய் வழியாக மாலையில் ஒரு காற்று வரும். அதைக் குளிர்ச்சி என்று மட்டும் சொல்லி ஜன்னலைத் திறந்துவைப்போம். கடலிலிருந்து வந்து முகத்தில் அடித்த இந்தக் காற்றின் பெயர் எனக்குத் தெரியும். பேருந்து மேற்கே திரும்பும்வரை ஜன்னலை மூடாமல் உட்கார்ந்திருந்தேன்.