அம்மாவின் தோள் அளவு

அம்மாவின் உடம்பை நான் முதன்முதலாக டேப் வைத்து அளந்தது அண்ணனின் கல்யாணத்துக்குக் கொஞ்ச நாள் முன்பு. அப்போது நான் கொழும்பில் ஆடை வடிவமைப்பு இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தேன். எத்தனையோ பேரை அளந்திருந்தேன். அம்மாவை அளக்க வேண்டும் என்று மட்டும் தோன்றியதே இல்லை.

எங்கள் தோட்டம் மலையகத்தில், லிந்துலைக்கு மேலே இருக்கிறது. அம்மா தேயிலைக் கொழுந்தெடுத்தார். அப்பாவுக்குத் தேயிலை ஃபேக்டரியில் வேலை. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு நான் ஆடை வடிவமைப்பு படிக்கப் போகிறேன் என்று சொன்னபோது அப்பாவுக்கு விளங்கவே இல்லை.

"தையல்தானே? அதுக்கு எதுக்குக் கொழும்புக்குப் போகணும்? தலவாக்கலையில ஒரு டெய்லர் கடையில சேத்துவிட்டா பழகிட்டுப் போற."

"தையல் இல்லப்பா. டிசைன்."

"ரெண்டும் துணிதானே?"

 நானும் அப்போது அந்தப் படிப்பை அழகான படம் வரைவது என்றுதான் நினைத்திருந்தேன். பள்ளிக்கூடக் கொப்பிகளின் பின்பக்கமெல்லாம் நீளக் கழுத்தும் ஒல்லி இடுப்புமாகப் பெண்களை வரைந்து, அவர்களுக்கு விதவிதமாக உடுத்திவிட்டிருந்தேன். அடுப்படியில் ரொட்டி தட்டிக்கொண்டிருந்த அம்மா திரும்பிப் பார்க்காமலே சொன்னார்: "அவளுக்கு ஆசையா இருக்குல்ல. போயிட்டு வரட்டும்." அதோடு பேச்சு முடிந்தது.

கொழும்பில் வரைவதில் எனக்கு நல்ல பெயர். பேட்டன் வகுப்புதான் பிடிக்கவில்லை. ஓர் ஆடையைத் தட்டையான காகிதத் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு வளைவையும் கணக்குப் போட்டு வரையும் வேலை அது. காகிதத்தில் ஒரு கோடு நகர்ந்தால் துணியில் அக்குள் சுருங்கும், இல்லாவிட்டால் கழுத்து தூக்கும். எங்கள் எல்லோருக்கும் முன்னால் ஒரே அளவுள்ள பொம்மைகள் நின்றன. அவற்றுக்குத் தோள்கள் சமமாக இருந்தன, முதுகு நேராக இருந்தது. நாங்கள் எதைத் தைத்துப் போட்டாலும் அவை ஒழுங்காக நின்றன.

அண்ணனுக்கு வட்டகொடைப் பக்கத்தில் பெண் பார்த்து முடிவானதும், கல்யாணத்துக்கு அம்மாவின் ஜாக்கெட்டை நான்தான் தைப்பேன் என்று போனிலேயே சொல்லிவிட்டேன். பச்சைப் பட்டுச் சேலைக்கு அரக்கு நிறத்தில் ஜாக்கெட், முதுகில் பானைக் கழுத்து, கை ஓரத்தில் மெல்லிய பூவேலை. படமாக வரைந்து அனுப்பினேன். அம்மா அதைப் பக்கத்து வீடுகளிலெல்லாம் காட்டியிருக்கிறார்.

அளவுக்கு, எங்கள் பக்கத்தில் எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். எங்கள் பெண்கள் யாரும் டெய்லரிடம் உடம்பைக் காட்டி அளவு கொடுப்பதில்லை. பழைய ஜாக்கெட் ஒன்றைக் கொடுத்து, "இதே மாதிரி" என்று சொல்லிவிட்டு வருவார்கள். அந்த ஜாக்கெட்டும் அதற்கு முந்தின ஒன்றைப் பார்த்துத் தைத்ததாக இருக்கும். நான் அம்மாவின் பழைய ஜாக்கெட் ஒன்றை எடுத்துப்போய், வகுப்பில் இருந்த பேட்டனோடு சேர்த்துப் பார்த்து வெட்டினேன். பொம்மைக்கு மாட்டியபோது வகுப்பே பாராட்டியது.

விடுமுறைக்குக் கொண்டுவந்து அம்மாவுக்குப் போட்டுப் பார்த்தேன். அம்மா கண்ணாடியில் முன்னும் பின்னும் திரும்பிப் பார்த்தார். கை ஓரத்துப் பூவைத் தடவினார்.

"ரொம்ப அழகா இருக்கு பாப்பா."

நான் பூரித்துப்போனேன். கழற்றுவதற்கு முன் அம்மா அப்படியே சாமி படத்தின் முன்னால் போய் நின்றார். எங்கள் அம்மா கைகளைத் தலைக்கு மேலே தூக்கித்தான் கும்பிடுவார். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அப்படித்தான். அன்றைக்கு இரண்டு கையும் தோள் உயரம் வரை போயின. அங்கேயே நின்றன. ஒரு நொடி தயங்கிவிட்டு, அம்மா கைகளை இறக்கி நெஞ்சுக்கு நேரே வைத்துக் கும்பிட்டார்.

"ஏம்மா, கை தூக்க முடியலையா?"

"அதெல்லாம் இல்ல."

"தூக்கிக் காட்டு."

"தூக்குனா அக்குள்ள பிரிஞ்சிரும் பாப்பா. நல்ல ஜாக்கெட் எல்லாமே அப்படித்தான். நெஞ்சுக்கு நேரா கும்பிட்டாலும் சாமி பாக்கும்."

அலமாரியைத் திறந்து அம்மாவின் மற்ற ஜாக்கெட்டுகளை எடுத்துப் பார்த்தேன். திருவிழாவுக்குப் போட்டது, தீபாவளிக்குத் தைத்தது, நான் பெரியவளானபோது என் சாமர்த்தியச் சடங்கில் போட்டது. எல்லாவற்றிலும் அக்குளில் கையால் திரும்பத் தைத்த தையல் இருந்தது. கொழுந்தெடுக்க மலைக்குப் போகும்போது அம்மா அப்பாவின் பழைய சட்டை ஒன்றை மேலே போட்டுக்கொள்வார். அதில் கை தாராளமாகப் போகும். நல்ல நாளில் போட்ட நல்ல உடுப்பில் மட்டும் அம்மா கையை ஒடுக்கிக்கொண்டு நடமாடியிருக்கிறார். இத்தனை வருஷம் அது என் கண்ணில் படவில்லை.

கதவைச் சாத்திவிட்டு டேப்பை எடுத்தேன்.

"அளக்கணும். நேரா நில்லும்மா."

"என்னையவா?" அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கூச்சத்தில் உடம்பை நெளித்தார். டேப் கழுத்தில் பட்டதும், "ஐயோ, ஜில்லுங்குது" என்று ஒதுங்கினார். உள்ளங்கையில் அதைத் தேய்த்துச் சூடாக்கிவிட்டு மறுபடி வைத்தேன். கொஞ்ச நேரத்தில் அம்மா அடங்கி நின்றார். சின்ன வயதில் எனக்குத் தலைசீவும்போது நான் அப்படித்தான் நின்றிருப்பேன்.

வகுப்பில் பொம்மைக்கு ஒரு தோளை அளந்தால் போதும், மற்றதும் அதே. அம்மாவுக்கு அப்படி இல்லை. வலது தோள் நன்றாகவே இறங்கியிருந்தது. கொழுந்துக் கூடையின் கயிற்றைத் தலையில் மாட்டி மாட்டிக் கழுத்து முன்னுக்கு வந்திருந்தது. முதுகின் மேல்பக்கம் நான் நினைத்ததைவிட அகலம். கையின் மேல்பகுதி பொம்மையின் கையைப்போல ஒல்லியாக இல்லை, உழைத்த கையாக உருண்டு திரண்டிருந்தது. வலது தோளை இன்னொருமுறை அளந்தேன்.

அம்மா மெதுவாகக் கேட்டார்: "கோணலாத்தானே இருக்கேன்?"

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. போட்டோவுல பாத்தா தெரியுதுல்ல. ஒன்னோட படிக்கிற புள்ளைங்க எல்லாம் கல்யாணத்துக்கு வருவாங்க."

"வரட்டும்மா. துணிதான் தப்பா வெட்டியிருக்கு. ஒன்மேல ஒரு தப்பும் இல்ல."

அம்மா திரும்பாமலே கையைப் பின்னால் கொண்டுவந்து என் கன்னத்தை ஒருதரம் தடவினார். அந்தக் கையில் கொழுந்துக் கறை இருந்தது, அது எந்தச் சோப்புக்கும் போகாது. நான் அடுத்த அளவைச் சத்தமாகச் சொல்லி எழுதிக்கொண்டேன்.

கொழும்புக்குத் திரும்பிப்போய் பேட்டன் வகுப்பு மிஸ்ஸிடம் அந்த ஜாக்கெட்டைக் காட்டினேன். அவர் சிங்களவர். அம்மா என்ன வேலை செய்கிறார், கையை எந்த உயரம் வரை தூக்குவார் என்று கேட்டார். நான் தூக்கிக் காட்டினேன். கை சேரும் வளைவான கைக்குழியைக் கீழே இறக்கி வெட்டினால் தாராளமாக இருக்கும் என்று நான் நினைத்திருந்ததைச் சொன்னேன். அவர் தலையை ஆட்டிவிட்டு, இறக்கி ஒன்றும் ஏற்றி ஒன்றும் காடாத் துணியில் தைத்துப் பார், நீயே போட்டுக் கையைத் தூக்கு என்றார்.

தைத்தேன். கைக்குழி இறங்கினால் கையோடு சேர்ந்து முழு ஜாக்கெட்டும் மேலே எழும்புகிறது. அக்குளை ஒட்டி ஏறியிருந்தால் கை மட்டும் தனியே போகிறது, உடம்பில் துணி அசையாமல் நிற்கிறது. அதைக் கண்டுபிடித்த மத்தியானம் எனக்குச் சாப்பாடு மறந்துபோனது. இழுத்தால் நீண்டு கொடுக்கும்படி அக்குளில் ஒரு சின்னச் சாய்சதுரத் துண்டைக் குறுக்கு வாட்டத்தில் வெட்டி வைத்தேன். இடது தோளுக்கும் வலது தோளுக்கும் தனித்தனிப் பேட்டன் வரைந்தேன். பிடிக்காத வகுப்பிலேயே நாள் முழுக்கக் கிடந்தேன். எத்தனை காடாத் துணி வீணானது என்று நினைவில்லை. கடைசியாகப் பட்டில் வெட்டும் முன் ஒவ்வொரு கோட்டையும் திரும்ப அளந்து பார்த்தேன்.

கல்யாணம் தோட்டத்துக் கோயிலில் நடந்தது. தாலி ஏறும்போது எல்லோரும் அண்ணனையும் அண்ணியையும் பார்த்தார்கள். நான் அம்மாவின் அக்குளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மேளம் கெட்டியாக முழங்கியதும் அம்மா கண்ணை மூடினார். இரண்டு கைகளும் தோளைத் தாண்டி, காதைத் தாண்டி, தலைக்கு மேலே போய்ச் சேர்ந்தன. ஜாக்கெட் ஒரு நூல்கூட நகரவில்லை.

பக்கத்தில் நின்ற அப்பா என்னைப் பார்த்து, "எதுக்கு இப்ப அழுவுற? பொண்ணு வீட்டுக்காரங்களே அழுவல" என்றார்.

"அம்மாவப் பாருங்கப்பா."

அப்பா பார்த்தார். அவருக்கு என்ன விளங்கியதோ, தோள் துண்டால் தன் முகத்தையும் ஒருமுறை துடைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் யாரிடமும் நான் தையல் படிப்பதாகச் சொல்லவில்லை. "டிசைன் படிக்குது" என்றுதான் சொன்னார்.

மூன்றாம் வருஷத்தில் எந்தப் பிரிவு வேண்டும் என்று கேட்டபோது நான் பேட்டனை எடுத்தேன். கூடப் படித்தவர்கள், இவ்வளவு நன்றாக வரைகிறவள் ஏன் காகிதம் வெட்டப் போகிறாள் என்று வருத்தப்பட்டார்கள். படிப்பு முடிந்ததும் கொழும்புக்கு வெளியே ஓர் ஆடைத் தொழிற்சாலையின் மாதிரி தைக்கும் பிரிவில் வேலை கிடைத்தது. அங்கேதான் இந்தத் தொழில் எவ்வளவு பெரியது என்று கண்டேன். துணியைத் தேடிப் பிடிக்க ஓர் ஆள், சாயம் சரியா என்று பார்க்க ஓர் ஆள், வெளிநாட்டுக்காரரோடு பேச ஓர் ஆள், ஒரே சட்டையைச் சின்ன அளவிலிருந்து பெரிய அளவுக்குக் கம்ப்யூட்டரில் மாற்ற ஓர் ஆள். ஃபேஷன் ஷோ மேடையில் விளக்கு வெளிச்சத்தில் நிற்கிற டிசைனர் ஒருவர்தான். அவருக்குப் பின்னால், எங்கள் தோட்டத்து வரிசை வீடுகள்போல, ஒரு லயம் நிறைய ஆட்கள் இருந்தார்கள். என் இடம் அவர்களோடு என்பது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

சில வருஷங்கள் அங்கே வேலை செய்துவிட்டு ஹட்டனுக்கு வந்தேன். இப்போது ஒரு துணிக்கடையின் மாடியில் இருக்கிறேன். கீழே கடை நடத்தும் முஸ்லிம் பெரியவர்தான் இடம் கொடுத்தார்; எல்லோரும் அவரை நானா என்றுதான் கூப்பிடுவோம். "மகள், பொண்ணுங்க துணி எடுத்துட்டு நேரா மேல வருவாங்க. ஒங்களுக்கும் நல்லம், எனக்கும் நல்லம்" என்றார். மணப்பெண் ஜாக்கெட்டுகள் தைக்கிறோம். கொழும்புக் கடைகளுக்குப் பேட்டன் வரைந்து அனுப்புகிறேன். தோட்டத்துப் பெண்கள் இரண்டு பேர் என்னோடு வேலை செய்கிறார்கள். மாடிக்கு வரும் பெண்கள் முதலில் பழைய ஜாக்கெட்டைத்தான் நீட்டுவார்கள். அதை வாங்கிப் பக்கத்தில் வைத்துவிட்டு டேப்பைக் கையில் தேய்ப்பேன்.

போன மாதம் கொத்மலைப் பக்கமிருந்து ஓர் அம்மா தன் மகளைக் கூட்டிவந்தார். துணி எடுக்க வரவில்லை. மகள் ஆடை வடிவமைப்பு படிக்க வேண்டும் என்று அடம்பிடிக்கிறாளாம்.

"மிஸ், இதப் படிச்சா என்னா வேல கெடைக்கும்?"

எனக்குத் தெரிந்த வேலைகளையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவர் உதட்டுக்குள்ளே திருப்பிச் சொல்லிப் பார்த்தார், வீட்டில் போய்ச் சொல்ல வேண்டும் அல்லவா. மகள் தலையைக் குனிந்தபடி, "எனக்கு வரையத் தெரியாதுங்க மிஸ்" என்றாள்.

"கணக்கு வருமா?"

"வரும்."

"துணியத் தொட்டுப் பாக்கப் புடிக்குமா?"

அவளுக்கு முன்பே அவள் அம்மா பதில் சொன்னார்: "கடைக்குப் போனா இவள வெளிய இழுத்துட்டு வர்றது பெரும்பாடுங்க." மூன்று பேரும் சிரித்தோம். கொழும்பில் எங்கே விசாரிக்கலாம் என்று சொல்லி அனுப்பினேன்.

எங்கள் அம்மா இப்போது வேலையிலிருந்து நின்றுவிட்டார். வாரத்துக்கு ஒருமுறை பஸ்ஸேறி மாடிக்கு வருவார். எனக்காக எதையாவது கட்டிக்கொண்டு வருவாரே தவிர, தனக்கென்று ஒன்றும் கேட்டதில்லை. போன வாரம் நான் வெட்டிக்கொண்டிருந்தபோது மேசைப் பக்கம் வந்து நின்றார்.

"பாப்பா, எனக்கு ஒரு கோட்டு தச்சிக் குடு. ரெண்டு பக்கமும் பாக்கெட் வச்சி."

எனக்கு ஆச்சரியம். கத்தரியைக் கீழே வைத்தேன். "பாக்கெட்டா? என்னாம்மா வைக்கப்போற அதுல?"

"ஒன்னும் வைக்கல." அம்மா ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். மஞ்சு இறங்கி எதிர்க்கடைகூடத் தெரியவில்லை. "கைய வச்சிக்கத்தான். சும்மா இருந்தா குளிருது."

இளம் சாம்பல் நிறத்தில் தடிப்பான துணியாக நானாவிடம் பார்த்து வைத்திருக்கிறேன். உள்பக்கத்துக்கு மெத்தென்று ஃபிளானல். நாளைக்கு வெட்ட வேண்டும்.