சாரதிகள் தங்கும் அறை

போன சனிக்கிழமை சுப்பர்மார்க்கெட்டில் சாமான் வாங்கிக்கொண்டு வந்து, என் காரின் பின்கதவைத் திறந்து, பையை மடியில் வைத்தபடி பின்சீட்டில் உட்கார்ந்திருந்தேன். கார் போகவில்லை. ஓட்ட வேண்டியவன் நான்தான் என்பது உறைக்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. பக்கத்துக் காரில் தண்ணீர்ப் போத்தல்களை ஏற்றிக்கொண்டிருந்த வயதான பெண்மணி கண்ணாடியில் தட்டி, யாருக்காகவாவது காத்திருக்கிறீர்களா என்று ஜேர்மன் மொழியில் கேட்டார். ஆமாம் என்கிற அர்த்தத்தில் "யா" என்றேன். அவர் திருப்தியோடு போய்விட்டார். எனக்கு அறுபத்தொரு வயது; மறதிக் குணம் இன்னும் வரவில்லை. இது கொழும்பிலிருந்து கொண்டுவந்த பழக்கம். நாலே நாள் ஒரு வானின் பின்சீட்டில் இருந்து பழகியது, முப்பத்தேழு வருடம் இந்த நாட்டில் கார் ஓட்டியதை ஓரமாகத் தள்ளிவிட்டு முன்னால் வந்து நிற்கிறது. என்னைப் போல விடுமுறைக்கு ஊர் போய் வருகிறவர்களுக்கும், நாங்கள் வந்து போவதைச் சகித்துக்கொள்கிற உங்களுக்கும் அந்த நாலு நாளைச் சொல்ல வேண்டும். சொல்வதில் எனக்குப் பெருமை ஒன்றும் இல்லை.

அந்த வானை ஓட்டியவன் ஜெரோம். கொட்டாஞ்சேனைக்காரன், என் வயதுதான். இளவயதில் இருவரும் வெள்ளவத்தையில் ஒரு டியூட்டரியில் கணக்கியல் படித்தோம். படித்தோம் என்பதைவிடப் போய் வந்தோம் என்பது சரி. வகுப்பில் கடைசி வாங்கில் இருந்து, கிழித்த கலண்டர்த் தாளின் பின்பக்கத்தில் இலங்கையின் கரையோரத்தைக் கீறி, ஒரு வாகனம் எடுத்து ஆறுதலாக முழுதையும் சுற்றிவருவது என்று திட்டம் போட்டோம். எங்கே தங்குவது, எங்கே குளிப்பது என்றெல்லாம் அவன் புள்ளி வைத்தான். பிறகு நாடு கெட்டது. நான் ஜேர்மனிக்கு ஓடினேன். அவன் துறைமுகத்தில் கிளாக் வேலைக்குப் போய், போன வருடம் ஓய்வு பெற்றான். கிழக்கிலிருந்து வருகிற கப்பல் டொன்ட்ரா வெளிச்சவீட்டைத் தாண்டிவிட்டது என்று தகவல் வந்தால்தான் அவர்களுக்குக் கடதாசி வேலை தொடங்குமாம். தீவின் தென்கோடியில் இருக்கிற அந்தத் தெய்வேந்திரமுனையின் பெயரை முப்பது வருடத்துக்கு மேலாக எழுதியவன், அதை ஒரு நாளும் பார்த்ததில்லை. ஆரம்பத்தில் பாதைகள் சரியில்லை, பிறகு பிள்ளைகளின் படிப்பு, பிறகு என்னோடுதான் போவது என்று ஒரு பிடிவாதம்.

இந்த முறை போவதென்று முடிவானபோது ஜேர்மனியில் என் வேலைத்தலத்தில் மேற்பார்வையாளராக இருந்த பழைய போர்மனையும் கூட்டிக்கொண்டு போனேன். பெயர் யூர்கன். மனைவியை இழந்தவர், பென்ஷன்காரர், இலங்கையைப் பார்க்க ஆசைப்பட்டார். அவரைப் பற்றி ஒரு கதை உண்டு. அவருடைய அறுபதாவது பிறந்தநாளுக்கு அவர் தோட்டத்தில் விருந்து. நான் வெள்ளைச் சேட்டுப் போட்டுக்கொண்டு போயிருந்தேன். சும்மா இருக்க வெட்கப்பட்டு, தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். ஒரு பெண் தன் வெறும் கிளாஸை என் கையில் தந்து, இன்னொரு பியர் கொண்டு வா என்றாள். இறைச்சி வாட்டிக்கொண்டிருந்த யூர்கன் அங்கிருந்தே சத்தம் போட்டார்: "அவன் என் நண்பன். உன் பியரை நீயே போய் எடு." எல்லாரும் சிரித்தார்கள். அந்தப் பெண் என்னிடம் மன்னிப்புக் கேட்டாள். அன்றிரவு வீட்டுக்கு வந்ததும் கொட்டாஞ்சேனைக்குப் போன் எடுத்து ஜெரோமுக்குச் சொன்னேன். அதற்குப் பிறகும் பல தடவை சொன்னேன், ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கூட்டி.

புறப்பட்ட காலை, வெள்ளவத்தையில் நான் தங்கியிருந்த மாடிக் குடியிருப்பின் முன் ஜெரோம் தன் பழைய வானோடு வந்து நின்றான். புது வெள்ளைச் சேட்டு, மடிப்புக் குலையாமல். "பெரிய ஹோட்டலுக்கெல்லாம் போறம், உன்ர மானத்தைக் காப்பாத்த வேணுமே மச்சான்" என்றான். நான் ஓட்டவில்லை, பக்கம் மாறி ஓட்ட எனக்குப் பயம். யூர்கனுக்கு வாகனத்தில் வயிற்றைப் பிரட்டும் என்பதால் அவர் முன்னால். நான் பின்னால். காலி நகரத்துக்குப் போகிற காலி வீதி நெடுக ஜெரோம் ஆறுதலாகத்தான் ஓட்டினான். களுத்துறையில் நிறுத்தி, எல்லாச் சாரதிமாரும் போடுவது போல ரோட்டோரத்துப் பௌத்த விகாரையின் உண்டியலில் சில்லறை போட்டான். "கடவுள் யாருடையவர் எண்டு ரோட்டுக்குத் தெரியாது" என்று யூர்கனுக்கு ஆங்கிலத்தில் விளக்கினான். அளுத்கமையில் மீன் பார்த்தோம். அம்பலாங்கொடையில் முகமூடிக்கடை ஒன்றில் அவன் பேய் முகம் ஒன்றைப் போட்டு யூர்கனைத் துரத்தினான். அந்த மனுசன் இருபது வருட வேலையில் சிரிக்காத சிரிப்பை அன்று சிரித்தார். எனக்கும் சந்தோசம்தான். ஆனால் உள்ளே ஒரு சின்னக் குறுகுறுப்பு: என் விருந்தாளி என்னைவிட அவனோடு அல்லவா சிரிக்கிறார்.

காலி தாண்டி, கடலோரத்தில் ஒரு ஹோட்டல். இரண்டு அறை பதிவு செய்திருந்தேன். ஒன்று யூர்கனுக்கு, மற்றது எனக்கும் ஜெரோமுக்கும். பொழுது படுகிற நேரம். யூர்கன் என் பக்கத்தில் நின்றார். ஜெரோம் எனக்குப் பின்னால், என் பைகளைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றான். ரிசெப்ஷன் பெண் அவனுடைய வெள்ளைச் சேட்டைப் பார்த்துவிட்டு, "சேர்கே டிரைவர்த?" என்று சிங்களத்தில் கேட்டாள், சேரின் டிரைவரா என்று.

"ஓவ்" என்றேன். சிங்களத்தில் ஆமாம்.

என் சிங்களம் துருப்பிடித்துவிட்டது, சரியாக விளங்கவில்லை என்று சொல்லித் தப்பலாம். பொய். டிரைவர் என்ற சொல் எனக்கு விளங்காத மொழி இல்லை. இரவு அவன் விடுகிற குறட்டையை நினைத்தேன், அது ஒன்று. விளக்கம் சொல்லக் களைப்பு, அது இன்னொன்று. இதற்கெல்லாம் கீழே கிடந்ததையும் சொல்லிவிடுகிறேன். எனக்கென்று ஒரு டிரைவர் இருப்பதாக இன்னொருவர் நினைப்பது, யூர்கன் பக்கத்தில் நிற்கும்போது, இனித்தது. இருபது வருடம் அந்த ஆளிடம் வேலைக் கட்டளை வாங்கியவன் நான். ஒரு நொடிக்கு நானும் முதலாளி.

சுற்றுலா ஹோட்டல்களில் சாரதிமாருக்குப் பின்பக்கம் தனி அறை உண்டு. வரிசையாகக் கட்டில், பொதுக் குளியலறை, சமையலறைக்குப் பக்கத்தில் சோறு. ரிசெப்ஷன் பெண் ஒரு பையனைக் கூப்பிட்டு ஜெரோமுக்கு வழி காட்டச் சொன்னாள். ஜெரோம் பைகளை மெதுவாகக் கீழே வைத்தான். என்னைப் பார்க்கவில்லை. அவன் பின்பக்கம் போகிறான், நான் வாயைத் திறக்கிறேன், திறந்த வாய் அப்படியே இருக்கிறது. பிறகு போய்ச் சொல்லலாம் என்று நினைத்துக்கொண்டேன். குளித்தேன். பிறகும் போகவில்லை.

சாப்பாட்டு மேசையில் யூர்கன் மூன்றாவது கதிரையைக் காட்டி, உன் நண்பன் எங்கே என்று கேட்டார். நண்பன் என்றுதான் கேட்டார். எங்கள் நாட்டில் ஓட்டி வருகிறவர்கள் தனியாகச் சாப்பிடுவதுதான் வழக்கம், அவர்களுக்கும் அதுதான் வசதி என்று சொன்னேன். அவர் நெற்றியைச் சுருக்கினார். "ஆனால் மத்தியானம் நம்மோடு சாப்பிட்டானே?" அது ரோட்டுக் கடை, இது ஹோட்டல் என்றேன். வெளிநாட்டவனுக்கு நம் நாட்டை மொழிபெயர்த்துச் சொல்கிற வேலையில் எவ்வளவு ஊழல் செய்யலாம் என்பது அன்று தெரிந்தது. எது சொன்னாலும் பண்பாடு என்று எடுத்துக்கொண்டு தலையாட்டுவார்கள்.

காலையில் வான் வாசலில் நின்றது, கழுவித் துடைத்து. ஜெரோம் இறங்கி வந்து இழுவைக் கதவை இழுத்துத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றான்.

"குட் மோர்னிங், சேர்."

பகிடி என்று நினைத்து, "டேய், விளையாடாத" என்றேன்.

"ஏறுங்கோ சேர். வெயில் ஏற முதல் போனால் நல்லம்."

அன்று முழுவதும் அப்படித்தான். கேட்டதற்கு மட்டும் பதில். வழியில் கடைகளில் நாங்கள் முன்பக்கம், அவன் பின்பக்கம் மற்றச் சாரதிமாரோடு. நான் எழும்பிப் போய், "வந்து இருடா, கெஞ்சிக் கேக்கிறன்" என்றபோது, வாயில் சோற்றோடு எழுந்து நின்றான். "முடிஞ்சுது சேர், வெளிக்கிடலாம்." பக்கத்திலிருந்த சாரதிமாரும் சாப்பாட்டை நிறுத்திவிட்டு என்னை, தொழிலாளியைச் சாப்பிட விடாத ஒருவனை, பார்த்தார்கள். கோபம் வந்தது எனக்கு, வெட்கம் வரவில்லை. ஒரு சொல்லுக்கு இவ்வளவா என்று வானுக்குள் இருந்து பொருமினேன்.

மூன்றாம் நாள் டொன்ட்ரா. வெள்ளை வெளிச்சவீடு, சுற்றித் தென்னை, அதற்கப்பால் தெற்கே வேறு தரை கிடையாது. யூர்கன் கமெராவோடு இறங்கினார். நான் முன்பக்கம் போய் ஜெரோமின் கதவைத் திறந்தேன்.

"இறங்கு ஜெரோம். இதுக்குத்தானே வந்தனாங்கள்."

"நான் வாகனத்தைப் பாத்துக்கொண்டு நிக்கிறன் சேர். நீங்கள் ஆறுதலாப் பாத்திட்டு வாங்கோ."

"நாப்பது வருசமாடா. ஒருக்கா இறங்கிப் பார். பிறகு என்னை அடிச்சாலும் பரவாயில்லை."

அவன் கதவை என் கையிலிருந்து மெல்ல இழுத்துச் சாத்தினான். வானைத் திருப்பி, வெளிச்சவீடு பின்பக்கம் வரும்படி, ரோட்டைப் பார்த்து நிறுத்தினான். உள்ளே தொங்குகிற கண்ணாடியில் அது தெரிந்திருக்கும். அந்தக் கண்ணாடியையும் கீழே சாய்த்துவிட்டான். நாங்கள் பாறையில் ஒரு மணி நேரம் நின்றோம். தூரத்தில் ஒரு கப்பல் போனது. யூர்கன் அது எங்கே போகிறது என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு விடை தெரிந்தவன் வானுக்குள் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தான். எனக்கு அழுகை வந்தது, உப்புக்காற்று என்று யூர்கனுக்குச் சொன்னேன்.

நாலாம் நாள் வெள்ளவத்தை. ஒழுங்கைக்குள் நிறுத்தியதும் யூர்கன் படம் எடுத்தார். பிறகு, ஜேர்மன்காரர் புத்தகம் பார்த்துப் பயணம் வருகிறவர்கள் அல்லவா, கடைசி நாளில் சாரதிக்குச் சந்தோசமாகக் காசு கொடுக்க வேண்டும் என்று வாசித்து, தயாராக வைத்திருந்த உறையை எடுத்து நீட்டினார். நான் தடுக்கவில்லை. ஜெரோம் இரண்டு கையாலும் வாங்கி நெற்றியில் தொட்டு, "தாங்க் யூ சேர்" என்றான். யூர்கனுக்கு முகம் மலர்ந்தது.

அடுத்த நாள் முச்சக்கரவண்டி பிடித்துக் கொட்டாஞ்சேனைக்குப் போனேன். ஜெரோம் சாரமும் பெனியனுமாக இருந்தான். என்னைக் கண்டதும் எழுந்து நல்ல கதிரையைத் துடைத்துத் தந்தான். அவனுடைய மனைவி பொன்விளிம்புக் கோப்பையில் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் உள்ளே போனார். அந்த வீட்டில் எனக்கு எப்போதும் கைபிடி உடைந்த ஒரு மக்கில்தான் தருவார்கள்.

"நான் திருத்தியிருப்பன், நீ டக்கெண்டு போயிட்டாய்" என்று தொடங்கினேன். மன்னிப்புக் கேட்கப் போனவன் குற்றத்தில் பங்கு கேட்டேன்.

"டக்கெண்டு போகேல்ல" என்றான் ஜெரோம். சேர் இல்லை, பழைய குரல். "உன்ர பையைத் தூக்கிக்கொண்டு நிண்டனான். நீ ஓவ் எண்டது கேட்டது. திருத்துவாய் எண்டு நிண்டு பாத்தன். பிறகு பையை மெதுவா வச்சன், இன்னும் கொஞ்சம் நேரம் தருவம் எண்டு."

நான் கோப்பையைத் தள்ளி வைத்தேன்.

"உன்ர பேர்த்டே கதை. பியர் கேட்ட மனுசிக்கு உன்ர ஜேர்மன்காரன் ஏசின கதை. எத்தினை தரம் போன்ல சொல்லியிருப்பாய் சிவா? ஒவ்வொரு தரமும் நான் முதல்தரம் கேக்கிற மாதிரித்தான் கேட்டனான்."

"மன்னிச்சுக்கொள். நாங்கள் ரெண்டு பேரும் மட்டும் இன்னொருக்கா டொன்ட்ரா போவம். வாற வருசமே வாறன்."

அவன் கோப்பையை என் பக்கம் நகர்த்தி வைத்தான்.

"போகலாம் சேர். நான் கிலோமீட்டர் கணக்குக்குத்தான் ஓடுறனான்."

தேத்தண்ணியைக் குடித்து முடித்தேன். வாசல்வரை வந்து, முச்சக்கரவண்டிக்காரனுக்கு வெள்ளவத்தை என்று அவனே சிங்களத்தில் வழி சொல்லி அனுப்பினான். விமான நிலையத்துக்கு வேறு வாகனம் பிடித்தோம். இங்கே வந்தபின் இரண்டு தடவை போன் எடுத்தேன். அவன் மனைவிதான் எடுத்தார், அவர் வானை வாடகைக்கு ஓட்ட ஹயர் போயிருக்கிறார் என்றார். ஓய்வு பெற்றவன் உண்மையிலேயே ஹயர் ஓடத் தொடங்கிவிட்டானா, எனக்கென்று சொல்லிவைத்த பதிலா, தெரியாது.

நேற்று யூர்கன் வந்தார். பயணப் படங்களை அச்சடித்து, எனக்கென்று ஒரு ஃபோட்டோபூக் செய்திருந்தார். முகமூடிக்கடை, காலிக் கோட்டை, வெளிச்சவீடு. கடைசிப் பக்கத்தில் வெள்ளவத்தை ஒழுங்கை. கீழே உன்ஸர் ஃபாரர் என்று அச்சடித்திருந்தது. எங்கள் சாரதி. "பெயர் மறந்துவிட்டது, வெட்கமாக இருக்கிறது" என்று பேனையை எடுத்தார். ஜெரோம் என்றேன். அச்செழுத்துக்கு முன்னால் அந்தப் பெயரைக் கவனமாக எழுதி, கமா போட்டு, "இப்போது சரியா?" என்று கேட்டார். திருத்திச் சொல்ல ரிசெப்ஷன் பெண் எனக்கு ஒரு நொடிதான் தந்தாள். இவர் பேனையை மூடாமல் எவ்வளவோ நேரம் வைத்திருந்தார்.

"யா" என்றேன்.

புத்தகம் மேசையில் கிடக்கிறது. அந்தப் படத்தில் ஜெரோம் வெள்ளைச் சேட்டோடு வானின் கதவைப் பிடித்தபடி நிற்கிறான். நான் பின்சீட்டில் பாதி எழும்பி, ஒரு காலை வெள்ளவத்தைத் தெருவில் வைத்திருக்கிறேன், மற்றக் கால் இன்னும் வானுக்குள். நான் கமெராவைப் பார்த்துச் சிரிக்கிறேன். அவன் கமெராவைப் பார்க்கவில்லை. உள்ளே கிடக்கிற அந்தக் காலையே பார்த்துக்கொண்டு நிற்கிறான், அது வெளியே வரும்வரை கதவைச் சாத்தக் கூடாது என்று.